தானா ராத்தாவில் ஞாயிறு எந்தக் கிழமை? சிறு பிள்ளையோடு ஒரு வாரயிறுதி

சனிக்கிழமை காலை பத்து மணி. ரிங்லெட் பக்கமிருந்து ஏறி வரும் காடிகளும் சுற்றுலாப் பேருந்துகளும் தானா ராத்தா முதன்மைச் சாலையில் வரிசை பிடித்து நிற்கின்றன. எங்கள் வீட்டு நான்கு வயது மகள் சன்னல் ஓரத்தில் நின்று பேருந்துகளை எண்ணுகிறாள். பதினொன்று வரை சரியாக வரும். அதற்குப் பிறகு மறுபடியும் ஏழுக்குப் போய்விடுவாள்.

“இவங்க எல்லாம் ஏன்ம்மா வர்றாங்க?”

“லீவு. அதான் சுத்திப் பாக்க வர்றாங்க.”

“அப்போ அப்பாவுக்கு ஏன் லீவு இல்ல?”

கேமரன் மலையில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. நாட்டிலுள்ள குடும்பங்கள் வாரயிறுதியைக் கழிக்க வரும் ஊர் இது. அதனாலேயே இங்கே குடியிருக்கும் பல குடும்பங்களுக்குச் சனியும் ஞாயிறும்தான் வாரத்திலேயே அதிக வேலை உள்ள நாட்கள். தங்கும் விடுதி, உணவகம், ஸ்ட்ராபெரி தோட்டம், காய்கறிக் கடை, டாக்சி, இரவுச் சந்தை என்று எதில் இருந்தாலும் இதே நிலைதான். என் கணவர் ஒரு விடுதியின் சமையற்கூடத்தில் வேலை செய்கிறார். நான் சனி, ஞாயிறு மதியத்துக்கு மேல் கடையில் நிற்பவள். மகளைப் பாட்டி பார்த்துக்கொள்கிறார்.

இந்த நிலையில் சிறு பிள்ளைக்கு வாரயிறுதி என்றால் என்ன? இந்த வயதுப் பிள்ளைகள் செய்யும் விசித்திரங்களுக்குக் காரணம் என்ன? இருக்கும் கொஞ்ச நேரத்தை எப்படிச் செலவிடலாம்? இவற்றைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

தோட்டத்து ஞாயிறும் சுற்றுலா ஞாயிறும்

தானா ராத்தா என்ற மலாய்ப் பெயருக்குச் சமநிலம் என்று பொருள். 1885-இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இந்த மலைப்பகுதியை ஆராய்ந்தார். மலைக்கு அவர் பெயரே நிலைத்தது. ஜே.ஏ.ரஸ்ஸல் 1929-இல் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார். 1930களின் தொடக்கத்தில் தாப்பாவிலிருந்து வரும் மலைச்சாலை பயன்பாட்டுக்கு வந்தது. காட்டை வெட்டித் தேயிலை நட்டவர்களில் நம் முன்னோர்கள் பெரும் பங்கினர்.

அந்தக் காலத்துத் தோட்டத்து வாழ்க்கை கடினமானது. விடியுமுன் பெரட்டு. பெயர் கூப்பிட்டு முடிந்ததும் அம்மாமார்கள் கூடையோடு மலைச்சரிவில் ஏறிவிடுவார்கள். கைப்பிள்ளைகள் ஆயாக்கொட்டகையில் இருக்கும். ஆனாலும் ஞாயிறு என்றால் தோட்டம் முழுவதற்கும் ஞாயிறுதான். அப்பா, அம்மா, மாமா, அத்தை என எல்லாரும் ஒரே நாளில் வீட்டில் இருந்தார்கள். ஆலயம், கறிச்சோறு, திடலில் பந்து என்று பொழுது போனது. பிள்ளைக்கு யாரும் நாட்காட்டி சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. லயமே அன்றைக்கு வேறு மாதிரி இருக்கும்.

இன்று தேயிலைத் தோட்டங்களில் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வேலை செய்கிறார்கள். நம்மவர் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பலர் டவுனுக்கு வந்து சுற்றுலா சார்ந்த வேலைகளில் சேர்ந்துவிட்டார்கள். வருமானம் கூடியிருக்கலாம். ஆனால் குடும்பத்தில் எல்லாருக்கும் பொதுவாக இருந்த அந்த ஒரு நாள் சிதறிப் போனது. அப்பாவுக்குச் செவ்வாய், அம்மாவுக்கு வியாழன், பிள்ளைக்குச் சனி ஞாயிறு. ஒரே வீட்டில் மூன்று விதமான வாரங்கள் ஓடுகின்றன.

சட்டம் என்ன சொல்கிறது?

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு உண்டு. அது ஞாயிறாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. எந்த நாள் என்பதை முதலாளி முடிவு செய்யலாம். ஆனால் ஓய்வு நாள் மாறி மாறி வருவதாக இருந்தால், அந்த மாதம் தொடங்குவதற்கு முன்பே அட்டவணை போட்டுத் தெரிவிக்க வேண்டும். நம்மில் பலருக்கு இது தெரியாது. முதல் நாள் இரவு தொலைபேசியில் தகவல் வந்தால்தான் நாளை லீவா இல்லையா என்று தெரியும் என்றே பழகிவிட்டோம்.

2023 ஜனவரி 1-ஆம் தேதி நடப்புக்கு வந்த திருத்தங்களில் குடும்பங்களுக்குப் பயன்படும் சில விஷயங்கள் உள்ளன. வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. மகப்பேறு விடுப்பு 98 நாட்களானது. தந்தையருக்கு ஏழு நாள் விடுப்பு வந்தது. வேலை நேரத்தையோ வேலை நாளையோ வேலை இடத்தையோ மாற்றித் தரும்படி தொழிலாளர் எழுத்து மூலம் விண்ணப்பிக்கவும் வழி செய்யப்பட்டது. முதலாளி 60 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கேட்டால் கிடைத்துவிடும் என்ற உறுதி இல்லை. ஆனாலும் மாதத்தில் ஒரு ஞாயிறு, அல்லது கணவன் மனைவி இருவருக்கும் ஒரே நாளில் ஓய்வு என்று முறையாக எழுதிக் கேட்பதில் தவறில்லை. சுற்றுலாக் கூட்டம் குறைவாக இருக்கும் வார நாளில் ஒரே ஓய்வு கேட்டால் முதலாளிக்கும் பெரிய இடைஞ்சல் இருக்காது. எங்கள் வீட்டில் செவ்வாய்க்கிழமை அப்படிக் கிடைத்ததுதான்.

நாளைக்குப் போன பிள்ளை

“நாளைக்கு நாம பார்க் போனோமே, அங்க ஒரு பூனை இருந்துச்சே” என்று மகள் சொல்வாள். அவளுக்கு நேற்று, முந்தாநாள், போன மாதம் எல்லாமே ‘நாளைக்கு’த்தான். இது மறதியும் அல்ல, பொய்யும் அல்ல. மூன்று, நான்கு வயதில் பிள்ளைகள் நேரத்தைக் குறிக்கும் சொற்களைக் கற்றுவிடுகிறார்கள். அவை எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்பதுதான் பிடிபடாது. ‘நேற்று’ இன்று அல்ல, ‘நாளை’யும் இன்று அல்ல. அவர்களுக்கு அந்த அளவு விளங்கினாலே பெரிய விஷயம்.

கிழமைகளும் இப்படித்தான். செவ்வாய் என்று சொன்னால் பிள்ளைக்கு அது வெறும் சத்தம். அந்த நாளில் தவறாமல் நடக்கும் ஒன்றோடு சேர்த்துச் சொன்னால்தான் அது நாளாகிறது. பிள்ளைகள் காலத்தைக் கடிகாரத்தால் அளப்பதில்லை. எதற்குப் பிறகு எது வரும் என்ற வரிசையால்தான் அளக்கிறார்கள். “மூணு மணிக்கு வருவேன்” என்பதைவிட “நீ தூங்கி எழுந்து பால் குடிச்சதும் வருவேன்” என்பது அவர்களுக்குத் தெளிவாக விளங்கும்.

எனவே நாங்கள் குளிர்பெட்டியின் மேல் ஒரு தாள் ஒட்டினோம். அதில் ஏழு கட்டங்கள். அப்பா வீட்டிலிருக்கும் நாளின் கட்டத்தில் மகளே ஒரு வட்டம் போட்டு மஞ்சள் நிறம் தீட்டினாள். தினமும் காலையில் ஒரு கட்டத்தில் கோடு போடுவாள். மஞ்சளுக்கு இன்னும் எத்தனை கட்டம் என்று அவளே பார்த்துக்கொள்வாள். அப்பா எப்போது வருவார் என்ற அழுகை முழுவதும் நின்றுவிடவில்லை. ஆனால் அழுகைக்கு நடுவே போய்ப் பார்க்க ஒரு இடம் கிடைத்தது.

ஓயாத ‘ஏன்?’

மூன்று வயதிலிருந்து ஐந்து வயது வரை பிள்ளைகளிடமிருந்து ‘ஏன்’ கொட்டும். நம்மைச் சோதிக்கத்தான் கேட்கிறார்கள் என்று தோன்றும். உண்மையில் பெரும்பாலும் பதில் தேடித்தான் கேட்கிறார்கள். காரணம் சொல்லும் பதில் கிடைத்தால் பிள்ளை அடுத்த விஷயத்துக்குப் போகிறது, “அது அப்படித்தான்” என்ற பதில் வந்தால் அதே கேள்வியை மறுபடி கேட்கிறது என்பதைக் குழந்தை வளர்ச்சி ஆய்வாளர்கள் கவனித்திருக்கிறார்கள். நாம் பதிலைச் சுருக்கினால் கேள்வி நீளும்.

இந்த ஊரில் வரும் முதல் ‘ஏன்’ பெரும்பாலும் பனிமூட்டத்தைப் பற்றியதாகத்தான் இருக்கும். அதற்கு விடை எளிது. கீழே இருக்கும் சூடான, ஈரமான காற்று மலைச்சரிவில் மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் அவ்வளவு ஈரத்தையும் நீராவியாகவே வைத்திருக்க முடியாது. எனவே அது மிகச் சிறிய நீர்த்துளிகளாக மாறுகிறது. தாப்பாவில் நிற்பவர் தலை தூக்கிப் பார்த்தால் அது மேகம். தானா ராத்தாவில் அதற்குள்ளேயே நிற்கும் நமக்கு அது பனிமூட்டம். தானா ராத்தா கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருப்பதுதான் காரணம்.

பிள்ளைக்கு இவ்வளவும் வேண்டாம். “மேகம் நம்ம வீட்டு வாசலுக்கு வந்திருக்கு” என்றால் போதும். சன்னல் கண்ணாடியில் வாயால் ஊதச் சொல்லுங்கள். வெள்ளையாகப் படிந்ததும் விரலால் படம் வரையச் சொல்லுங்கள். வாயிலிருந்து வந்த ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் பட்டுத் துளியாகிறது என்பதை அது கையால் தொட்டே தெரிந்துகொள்ளும். செலவில்லாத அறிவியல் பாடம். நமக்கும் இரண்டு நிமிடம் தே தாரிக் குடிக்க நேரம் கிடைக்கும்.

ஒரே கதையைப் பத்து நாளும் கேட்பதும் இதே வகைதான். அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பது பிள்ளைக்குச் சலிப்பல்ல, பாதுகாப்பு. அதோடு, புதுப்புதுக் கதைகளில் ஒருமுறை கேட்ட சொல்லைவிட, ஒரே கதையில் திரும்பத் திரும்பக் கேட்ட சொல் நன்றாக மனத்தில் தங்குகிறது. பாட்டி ஒரு வரியை மாற்றிச் சொன்னால் உடனே கண்டுபிடித்துத் திருத்துவதும் அதனால்தான்.

குளிராடைச் சண்டை

காலையில் பதினாறு பாகை குளிர். மகளுக்குக் குளிராடை வேண்டாம். நமக்கோ நடுங்குகிறது. வீட்டுக்கு வீடு நடக்கும் சண்டை இது.

இதில் இரண்டு காரணங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று, ‘நானே’ என்ற வயது. எதை உடுத்துவது, எந்தக் காலை முதலில் விடுவது என்பதுதான் அந்த வயதில் பிள்ளையின் கையில் இருக்கும் அதிகாரம். “போடு” என்றால் வேண்டாம் என்றே பதில் வரும். “சிவப்பா, நீலமா?” என்று கேட்டால் ஒன்றை எடுத்துக்கொள்ளும். இரண்டுக்கு மேல் காட்டினால் குழம்பிவிடும்.

இரண்டாவது, பிள்ளை பெரும்பாலும் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஓடும் உடல் சூட்டை உண்டாக்குகிறது. நாம் நின்றுகொண்டு குளிர்கிறது என்கிறோம். ஆனால் சிறு உடல் எடையோடு ஒப்பிட்டால் அதன் தோல்பரப்பு அதிகம். எனவே ஓட்டம் நின்றதும் நம்மைவிட விரைவாகச் சூட்டை இழந்துவிடும். வியர்வையில் நனைந்த சட்டையோடு உட்கார்ந்தால் இன்னும் விரைவு. ஒரே கனமான ஆடைக்குப் பதில் மெல்லிய ஆடைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, தேவைக்கேற்பக் கழற்றுவது நல்லது. பையில் ஒரு மாற்றுச் சட்டை இருக்கட்டும். பிள்ளைக்குக் குளிர்கிறதா என்று அறியக் கையைத் தொட வேண்டாம், கை எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். பிடரியிலோ நெஞ்சிலோ தொட்டுப் பாருங்கள்.

காய்கறி மலையில் கீரை வேண்டாம் என்ற பிள்ளை

நாட்டின் சந்தைகளுக்கு முட்டைக்கோஸும் சாவியும் தக்காளியும் இங்கிருந்து லோரி லோரியாகப் போகின்றன. வீட்டுக்குப் பின்னால் கீரைப்பாத்தி. ஆனால் தட்டில் ஒரு பச்சை இலை தெரிந்தால் மகள் வாயை மூடிக்கொள்வாள். போன வருடம் அள்ளி அள்ளிச் சாப்பிட்ட அதே கீரைதான்.

பிள்ளை கெட்டுப்போனது என்று வருந்த வேண்டாம். ஏறத்தாழ இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை புது உணவைக் கண்டு ஒதுங்குவது இயல்பு. நடக்கத் தொடங்கி, கண்டதை எடுத்து வாயில் போடும் வயதில் இந்தப் பயம் ஒருவகைக் காவலாக இருந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கசப்பும் பச்சை நிறமும் முதலில் சந்தேகத்துக்கு ஆளாகின்றன.

இதற்கு மருந்து பொறுமைதான். ஒரு காயைப் பத்து, பதினைந்து முறை கண்ட பிறகே பல பிள்ளைகள் ஏற்றுக்கொள்கிறார்கள். நாம் மூன்றாவது முறையிலேயே “இவளுக்குப் பிடிக்காது” என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். ஒரு துண்டு மட்டும் தட்டின் ஓரத்தில் இருக்கட்டும், கட்டாயம் வேண்டாம். “கீரை தின்னா ஐஸ்கிரீம்” என்ற பேரமும் வேண்டாம். கீரை என்பது தண்டனை, ஐஸ்கிரீம் என்பது பரிசு என்றுதான் பிள்ளை அதிலிருந்து கற்றுக்கொள்ளும். பாத்தியில் பிடுங்கவும் தண்ணீரில் அலசவும் விடுங்கள். கையால் தொட்டுப் பழகியதை வாயில் வைப்பது கொஞ்சம் எளிது.

தாப்பா வளைவுகள்

எங்களைப் போன்ற பலருக்கும் நீண்ட விடுமுறை என்றால் கீழே இறங்கித் தாத்தா வீட்டுக்குப் போவதுதான். தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். முழுவதும் வளைவுகள். இரண்டாவது பிளாஸ்டிக் பை தேவைப்படும் இடம் எது என்று இந்த ஊர்ப் பெற்றோர்களுக்கு மனப்பாடம்.

காதுக்குள் உடலின் அசைவை உணரும் ஓர் உறுப்பு உண்டு. காடி வளையும்போது “நாம் திரும்புகிறோம்” என்று அது மூளைக்குச் சொல்கிறது. பிள்ளையின் கண்ணோ முன்இருக்கையின் முதுகையோ கைத்தொலைபேசியையோ பார்த்து “எதுவும் அசையவில்லை” என்கிறது. இந்த முரண்பாட்டால்தான் குமட்டல் வருகிறது. இரண்டு வயதுக்குக் கீழே இது அரிது. பிறகு கூடி, பள்ளி வயதில் உச்சத்தைத் தொட்டு, வளர வளரக் குறையும்.

எனவே வளைவுச் சாலையில் கைத்தொலைபேசியில் படம் போட்டுக் கொடுப்பது எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுவதுதான். தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லி விளையாட்டுக் காட்டுங்கள். வயிறு முட்டவும் வேண்டாம், பட்டினியும் வேண்டாம். ரொட்டி, பிஸ்கட் போன்ற லேசான உணவு போதும். காடிக்குள் வாசனைப் பொருள் வேண்டாம், சன்னலைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள். வழியில் லாத்தா இஸ்கண்டார் அருவியருகே இறங்கிக் கால் மணி நேரம் நின்று போகலாம். ஓட்டுநர் அப்பாவாக இருந்தால் மெதுவாகத் திரும்பச் சொல்லுங்கள். மருந்து தேவைப்பட்டால் மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ பிள்ளையின் வயதும் எடையும் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். பெரியவர்கள் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கக் கூடாது.

இறங்கும்போது காது அடைத்துக்கொண்டு பிள்ளை அழுவதும் உண்டு. கீழே போகப் போகக் காற்றழுத்தம் கூடுகிறது. காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் பிள்ளைகளுக்கு ஒடுங்கியது. விழுங்கினால் அது திறக்கும். அடிக்கடி ஒரு மிடறு தண்ணீர் கொடுங்கள். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க வேண்டுமானால் காடியை நிறுத்திக் கொடுங்கள். ஓடும் காடியில் பிள்ளையை மடியில் எடுக்க வேண்டாம். பிள்ளைகளுக்கான பாதுகாப்பு இருக்கை 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் கட்டாயம். தடித்த குளிராடையோடு வார் போடுவதையும் தவிர்க்க வேண்டும். வார் இறுகியதுபோல் தெரியும், ஆனால் உள்ளே இடைவெளி இருக்கும்.

விளையாட்டில் தெரியும் நம் முகம்

ஒரு ஞாயிறு மாலை நான் கடையிலிருந்து வந்தபோது மகள் கூடத்தில் கடை போட்டிருந்தாள். சிவப்புக் குமிழ்களைப் பெட்டியில் அடுக்கி, பாட்டியிடம் ஸ்ட்ராபெரி விற்றுக்கொண்டிருந்தாள். “சீக்கிரம் சொல்லுங்க, பின்னாடி ஆள் நிக்குறாங்க” என்றாள். அது என் குரல்.

பாட்டி சிரித்துவிட்டுச் சொன்னார்: “நாங்க சின்னப் பிள்ளையில கூடைய முதுகுல மாட்டிக்கிட்டுக் கொழுந்து பறிக்கிற ஆட்டம்தான் ஆடுவோம். ஒருத்தி தண்டல். அவ திட்டிக்கிட்டே இருப்பா.”

பிள்ளைகள் பாவனை விளையாட்டில் கற்பனை உலகத்தை மட்டும் படைப்பதில்லை. பெரியவர்களின் உலகத்தை உடுத்திப் பார்க்கிறார்கள். அடுத்தவர் எப்படி நினைப்பார், எந்த முறையில் பேசுவார் என்பதை அப்படித்தான் கற்கிறார்கள். விலை உயர்ந்த பொம்மை தேவையில்லை. வெறும் பெட்டி பொம்மையைவிட நல்லது என்பதற்குக் காரணம், பெட்டி எதுவாகவும் மாறும். அந்த விளையாட்டைக் கொஞ்சம் கவனித்தால் நாம் வீட்டில் எப்படிப் பேசுகிறோம் என்பதும் தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்தது.

மூன்று மொழி ஒரு வாக்கியம்

“பாட்டி, அந்த குச்சிங் ஸ்லீப் பண்ணுது” என்று மகள் சொன்னால் பாட்டி கவலைப்படுவார். தமிழ் போய்விடுமோ என்ற பயம். பல மொழி கேட்டு வளரும் பிள்ளைகள் மொழிகளைக் கலப்பது குழப்பம் அல்ல, கையில் இருக்கும் சொல்லை எடுத்துப் போடுகிறார்கள். அதனால் பேச்சு வளர்ச்சி கெடுவதில்லை. “ஆமா, பூனை தூங்குது” என்று திரும்பத் தமிழில் சொன்னால் போதும், “தப்பு” என்று வெட்ட வேண்டாம். தமிழ் தங்குவது தடையால் அல்ல, தமிழில் கேட்கும் நேரத்தால்தான். சனி, ஞாயிறு முழுவதும் பாட்டியோடு இருப்பது நாங்கள் வேறு வழியில்லாமல் செய்த ஏற்பாடு. ஆனால் மகள் அதிகமாகத் தமிழ் கேட்கும் இரண்டு நாட்கள் அவையே.

திரைக்கு முன் ஒரு மணி நேரம்

வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் பிள்ளையின் கையில் கைத்தொலைபேசியைக் கொடுக்காத வீடு குறைவு. உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் நாளில் மூன்று மணி நேரமாவது உடலசைவோடு இருக்க வேண்டும். அதில் ஒரு மணி நேரமாவது ஓட்டமும் குதிப்புமாக இருக்க வேண்டும். உட்கார்ந்து திரை பார்ப்பது ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும்.

திரையைப் பறித்துவிட்டு எதுவும் தராமல் போனால் போர்தான் மூளும். இந்த ஊரில் பதிலுக்குத் தர இடங்கள் உண்டு. தானா ராத்தா திடலும் விளையாட்டுப் பூங்காவும் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. பாரிட் அருவிக்குப் போகும் பாதை சிறு கால்களுக்கும் ஏற்றது. ஆனால் மேலே மழை பெய்திருந்தால் நீரருகே போக வேண்டாம், நீர்மட்டம் திடீரென உயரும். கொஞ்சம் மேலே பிரிஞ்சாங் ஸ்ரீ தெண்டாயுதபாணி ஆலயம் இருக்கிறது. கோபுரத்துச் சிலைகளை ஒவ்வொன்றாகக் காட்டி “இது யாரு?” என்று கேட்டாலே அரை மணி நேரம் ஓடிவிடும். வாரயிறுதியில் போவதானால் காலை எட்டு மணிக்கு முன்பே போய்த் திரும்பிவிடுங்கள். அதற்குப் பிறகு சாலை நம்முடையதல்ல.

எங்கள் செவ்வாய்

செவ்வாய்க்கிழமை மதியம் மகளைப் பாலர்பள்ளியிலிருந்து அப்பாதான் அழைத்து வருவார். பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. திடலில் பந்து, வரும் வழியில் ஒரு ரொட்டி சானாய், வீட்டில் கீரை அலசல். சுற்றுலாப் பேருந்துகள் இல்லாத சாலையில் மகள் அப்பாவின் கையை விட்டுவிட்டுக் கொஞ்ச தூரம் முன்னே ஓடுவாள், திரும்பிப் பார்ப்பாள், மறுபடி ஓடுவாள்.

இது நிரந்தரம் அல்ல என்பதும் தெரியும். முதலாம் ஆண்டு தொடங்கியதும் வீட்டுப்பாடம் வரும், கூடுதல் வகுப்பு வரும். பிள்ளையின் ஓய்வு சனி ஞாயிறுக்குப் போய்விடும், அப்பாவின் ஓய்வு செவ்வாயிலேயே நிற்கும். இந்த மலையில் பல குடும்பங்கள் அந்த வயதிலிருந்து ஒருவரை ஒருவர் இரவுச் சாப்பாட்டில் மட்டுமே பார்க்கின்றன. எனவே ஐந்து, ஆறு வயது வரை கிடைக்கும் வார நாள் மதியங்களைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். துணி துவைப்பதையும் சந்தைக்குப் போவதையும் அந்த நாளிலேயே செய்யத்தான் வேண்டும். பிள்ளையையும் சேர்த்துக்கொண்டு செய்யுங்கள். அதற்கு அதுவே விளையாட்டு.

போன வாரம் பாலர்பள்ளி ஆசிரியை சொன்னார்: “ஞாயிற்றுக்கிழமை என்ன செஞ்சீங்கன்னு வகுப்புல கேட்டேன். எல்லாப் பிள்ளைங்களும் ஒன்னொன்னு சொன்னாங்க. உங்க மக மட்டும், ‘எங்க ஞாயிறு இன்னும் வரல டீச்சர், நாளைக்குத்தான்’னு சொன்னா.”

அன்று திங்கட்கிழமை. ‘நாளைக்கு’ என்ற சொல்லை அவள் சரியாகச் சொன்னது அதுதான் முதல் முறை.